மேல்மலையனூரில் பெருகிய படை

செஞ்சிக்குப் படை வந்த கதையைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்பார்கள். நான் எழுதப்போவது அந்தப் படையைப் பற்றி அல்ல. முழங்கையிலும் முழங்காலிலும் தலைமயிருக்குள்ளும் சிவந்து தடித்து, வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்க்கும் படையைப் பற்றி. டாக்டர்கள் அதைச் சொரியாசிஸ் என்பார்கள். எங்கள் பக்கத்தில் செதில் படை. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. ஆனால் வந்தால் லேசில் போகாது. போனது போல இருந்துவிட்டுப் பனிக்காலத்தில் திரும்பி வரும். முப்பது வருஷம் அரசாங்கக் கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன் என்பதால், இந்தக் குணமுள்ள வேறு சிலவற்றையும் நான் அறிவேன்.

அறுபதுகளின் நடுவில், பி.ஏ. முடித்துவிட்டு சர்வீஸ் கமிஷன் பரீட்சைகளை எழுதி எழுதி அரசாங்க வேலைக்காகக் காத்திருந்தேன். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் துணிக்கடை முதலாளி ஒருவர் தன் தகப்பனார் நினைவாக இலவச வைத்தியசாலை ஒன்று நடத்திவந்தார். அங்கே கிளார்க் வேலை கிடைத்தது. மொத்தம் மூன்று பேர். மெட்ராஸில் படித்துவிட்டு வந்த டாக்டரம்மா. தொண்டூரிலிருந்து தினமும் சைக்கிளில் வரும், ஐம்பதைத் தாண்டிய கம்பவுண்டர். அப்புறம் நான், என் பதிவேடு.

பதிவேட்டில் ஆறு பத்திகள். வரிசை எண், பெயர், வயது, ஊர், நோய், மருந்து. ஒரே ஆள் நூறு தடவை வந்தாலும் நூறு தடவையும் ஊரைக் கேட்டு எழுத வேண்டும் என்பது நான் போட்ட விதி. மனிதர்கள் குடி மாறுவார்கள், பதிவேடு பழசாகிவிடக் கூடாது என்பது என் வாதம். அரசாங்கச் சம்பளம் வாங்குவதற்கு முன்பே விதி போடும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

டாக்டரம்மாவுக்கு என்னைவிட மூன்று நான்கு வயது கூட இருக்கும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு எல்லாம் கடமைக்குப் பார்ப்பார். யாராவது சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையைக் காட்டினால் முகம் மலர்ந்துவிடும். மெட்ராஸில் தோல் வைத்தியத்துக்கென்று ஒரு மேற்படிப்பு இருந்தது. இடம் சில, விண்ணப்பம் பல. அவருடைய பழைய பேராசிரியர் ஒரு கடிதம் எழுதியிருந்தார். "உன் பேரில் ஏதாவது ஒன்று மருத்துவப் பத்திரிகையில் அச்சாகி வந்தால் உனக்காக நான் பேசுவேன். இல்லாவிட்டால் நான் பேசியும் பயனில்லை." வீட்டிலோ இந்த ஒரு வருஷம்தான் தவணை கொடுத்திருந்தார்கள். அதற்குள் இடம் கிடைத்தால் படிப்பு, இல்லாவிட்டால் கோயம்புத்தூரில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தார். நல்ல மனிதர் என்றுதான் கேள்வி. ஆனால் டாக்டரம்மா அவரைப் பற்றிப் பேசும்போது வயிற்றுப்போக்கு நோயாளியைப் பற்றிப் பேசும் குரலில்தான் பேசினார்.

பேராசிரியர் ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பழைய பத்திரிகைகளைத் திண்டிவனம் வரை ரயிலிலும், அங்கிருந்து பஸ் கூரையிலுமாக அனுப்பிவைத்தார். செதில் படையைப் பற்றி இந்தியாவில் யார் யார், எந்த ஊரிலிருந்து எழுதியிருக்கிறார்கள் என்று பட்டியல் போடச் சொன்னார் டாக்டரம்மா. போட்டேன். ஒரு திசைக்காரர்கள் குளிர்காலத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு திசைக்காரர்கள் எதைக் கேட்டாலும் தார்க் களிம்புக்கு வந்துவிட்டார்கள். கடலோர நகரத்துக்காரர்கள் கடல் காற்று நல்லது என்று எழுதினார்கள், கடல் இல்லாத நகரத்துக்காரர்கள் அதைச் சந்தேகித்தார்கள். பட்டியலைக் கொடுத்ததும் டாக்டரம்மா சுவரில் இந்தியா படம் ஒன்றை மாட்டி, கட்டுரை வந்த ஊருக்கெல்லாம் சிவப்புப் பென்சிலால் பொட்டு வைத்தார். பம்பாய், கல்கத்தா, டில்லி, மெட்ராஸ் என்று பொட்டுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நடுவில் பெரிய பெரிய இடங்கள் சுத்தமாக இருந்தன.

கம்பவுண்டர் களிம்பு கிண்டிய கரண்டியோடு வந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, ரயிலு போற ஊரா பாத்துப் பாத்து வந்திருக்குது. நம்ம பக்கம் வந்தது திண்டிவனத்தோட நின்னுடுச்சா?"

"அது வியாதி இருக்கற எடம் இல்லீங்க. வியாதியப் பத்தி எழுதறவங்க இருக்கற எடம்."

"அப்போ நம்ம ஊருல?"

"வியாதி இருக்கு. எழுதறவங்க இல்ல."

"அதான் நீங்க இருக்கீங்களே. கிளார்க்கு சாரு டைப்பு அடிப்பாரு. நான் வேணும்னா தபால்ல போட்டுட்டு வரேன்."

டாக்டரம்மா சிரித்தார். ஆனால் அன்று சாயங்காலமே என் பதிவேடுகளை அள்ளிக்கொண்டு போனார்.

ஒரு வாரம் கழித்து அவர் வந்த வேகத்தைப் பார்த்தபோது ஏதோ அகப்பட்டுவிட்டது என்று தெரிந்தது. சொறி, சிரங்கு, படர்தாமரை எல்லாம் எல்லா ஊர்களிலிருந்தும் வந்திருந்தன. செதில் படை மட்டும் அப்படி இல்லை. முதலில் எல்லா ஊரிலும் பரவலாக இருந்தது, போகப் போக மற்ற ஊர்களில் தேய்ந்து மேல்மலையனூரில் பெருகிக்கொண்டே வந்திருந்தது. அதே நோய், அதே வைத்தியசாலை, ஒரே ஒரு ஊரில் மட்டும் ஏற்றம். இப்படி ஒன்று அந்த டிரங்குப் பெட்டியில் எங்குமே இல்லை.

"தண்ணியா இருக்குமா?" என்று என்னைக் கேட்டார். என்னை யாரும் அதுவரை விஞ்ஞானம் கேட்டதில்லை. இருக்கலாம் என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல்மலையனூருக்குப் போய் மூன்று கிணறுகளிலிருந்து மருந்து பாட்டில்களில் தண்ணீர் எடுத்து வந்தோம். இரண்டைச் சோதனைக்கு அனுப்பினார். மூன்றாவதில் கம்பவுண்டர் யாருக்கோ இருமல் மருந்து கலந்து கொடுத்துவிட்டார். இருமல் நின்றதாகக் கேள்வி.

கட்டுரை வளர்ந்தது. நான் இரண்டு கார்பன் வைத்து டைப் அடித்தேன். பேராசிரியருக்கு எழுதியதில், மாதக் கடைசிக்குள் அனுப்பு, நானே பத்திரிகைக்குச் சிபாரிசு செய்கிறேன் என்று பதில் வந்தது. டாக்டரம்மா அந்த நாட்களில் காப்பிக்குச் சர்க்கரை போட மறந்து குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்.

ஒரே ஒரு குறை. மேல்மலையனூர் நோயாளிகளின் வீடுகளுக்குப் போய் சாப்பாடு, கிணறு, குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்றெல்லாம் விசாரித்து ஒரு பக்கம் சேர்க்க வேண்டும். உடனே கிளம்பலாம் என்றார். முன்கூட்டித் தகவல் தராமல் ஒரு வீட்டுக்கு விசாரணைக்குப் போவது முறையல்ல என்றேன். பெயர், மேல்மலையனூர் என்று எழுதி ஆளுக்கொரு தபால் கார்டு போட்டேன்.

பத்து நாளில் ஒன்றிரண்டைத் தவிர எல்லாக் கார்டுகளும் திரும்பிவந்தன. சணல் கயிற்றில் கட்டி, மொத்தமாக. ஒவ்வொன்றின் மீதும் தபால்காரரின் நீலப் பென்சிலில் "இப்பெயரில் இவ்வூரில் யாருமில்லை". முதல் சில கார்டுகளில் கையெழுத்து நிதானமாக இருந்தது. போகப் போகக் கோபம் தெரிந்தது. கடைசிக் கார்டில் வெறும் "இல்லை".

கார்டுகள் வந்தபோது டாக்டரம்மா சாப்பிடப் போயிருந்தார். வெட்கப்பட்டுப் பொய்ப் பெயர் கொடுத்திருப்பார்கள் என்று நானும் கம்பவுண்டரும் ஊகித்துக்கொண்டிருந்தபோது, களிம்பு வாங்க மேல்சித்தாமூர்க்காரர் ஒருவர் உள்ளே வந்தார். ஜைனர் (எங்கள் பக்கத்தில் நயினார் என்போம்), விவசாயி. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை தவறாமல் வருபவர். இரண்டு முழங்கையிலும் செதில் படை. அதைப் பற்றிக் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. கம்பவுண்டர் அவரைப் பார்த்தார், கையிலிருந்த கார்டைப் பார்த்தார், மறுபடியும் அவரைப் பார்த்தார்.

"நயினாரே, நீ எப்போ மலையனூருக்குக் குடி போன?"

"நான் எங்க போனேன். நெலம் சித்தாமூருல இருக்குது, மடம் சித்தாமூருல இருக்குது. அம்மன் கோயிலு ஊருல எனக்கு இன்னா வேல?"

"இது உன் பேருதானே?"

அவர் கார்டை வாங்கி எட்டப் பிடித்துப் படித்தார். மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். துடைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை, சிரிப்பை மறைக்கத்தான்.

"அது வந்து சார், மலையனூருன்னு சொன்னா நீங்க மஞ்ச டோக்கனு குடுப்பீங்க. மஞ்ச டோக்கன்னா ரெண்டு மணி பஸ்ஸ புடிச்சிடுவேன். சித்தாமூருன்னா வெள்ள டோக்கன்தான். சாயங்காலம் வரைக்கும் குந்திகினு இருக்கணும்."

எனக்குப் புரிந்துவிட்டது. வாசகர்களுக்கு மஞ்சள் டோக்கனை விளக்க வேண்டும். அமாவாசை என்றால் மேல்மலையனூர் பஸ்களில் கால் வைக்க இடம் இருக்காது. சிறப்பு பஸ் விட்டாலும் கோயிலுக்குப் போகிற கூட்டம் ஏறிவிடும், அந்த ஊர்க்காரன் கீழே நிற்பான். வைத்தியம் பார்த்துக்கொள்ள வந்த மேல்மலையனூர்க்காரர்கள் வீடு திரும்ப முடியாமல் தவிப்பதைப் பார்த்து, நான் ஓர் ஏற்பாடு செய்தேன். துணிக்கடை அட்டைப்பெட்டிகளை வெட்டி டோக்கன் தயாரித்தேன். மஞ்சள் மேல்மலையனூருக்கு, வெள்ளை மற்றவர்களுக்கு. மஞ்சள் முதலில் உள்ளே போகலாம். அறிவிப்புப் பலகையில் "மேல்மலையனூர் நோயாளிகளுக்கு முன்னுரிமை" என்று பெரிதாக எழுதியதில் இடம் தீர்ந்து, "அமாவாசை தினங்களில் மட்டும்" என்பது கீழே எறும்பு ஊர்ந்தது போல வந்தது. அமாவாசை போனது. ஏற்பாடு போகவில்லை. அதை வாபஸ் வாங்க ஓர் உத்தரவு வேண்டும், உத்தரவுக்கு முதலாளியின் கையெழுத்து வேண்டும், முதலாளி தீபாவளிச் சரக்கு வாங்க வெளியூர் போயிருந்தார். அப்புறம் பொங்கல் சரக்கு. இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

"எத்தினி நாளா நடக்குது இது?" என்றார் கம்பவுண்டர், நீதிபதி போல.

"அது இருக்கும் ரெண்டு வருசம். ஆனா சார், நான் கண்டவனுக்கெல்லாம் சொல்லல. எல்லாம் நம்ம செதிலு ஆளுங்களுக்குத்தான். சொறிக்காரன் ரெண்டு தபா வருவான், போயிடுவான். அவனுக்கு இன்னாத்துக்கு? நாம வருசம் பூரா வந்துகினு இருக்கறவங்க."

"உனக்கு யாரு சொன்னது?"

"எனக்கா? தொண்டூரு ஆளு ஒருத்தரு. அவருக்கு இங்க உள்ளேருந்தே சேதி வந்துச்சாம்."

கம்பவுண்டர் பக்கத்திலிருந்த களிம்பு டப்பாவை எடுத்து இறுக்கி மூடினார். அது ஏற்கெனவே மூடியே இருந்தது.

அத்தனையும் சரியாகப் பொருந்தியது. சொறிக்காரன் உண்மையான ஊரைச் சொன்னான், ஏனென்றால் அவனுக்கு எங்கள் வழக்கங்கள் தெரியாது. படர்தாமரைக்காரன் வழக்கம் தெரிவதற்குள் குணமாகிவிட்டான். செதில் படைக்காரர்களுக்கு டாக்டரம்மா காப்பி குடிக்கும் நேரம் தெரியும், எந்த நாளில் களிம்பு புதிதாகக் கிண்டுவார்கள் என்று தெரியும், மஞ்சள் டோக்கனும் தெரியும். நோய் எங்கும் நகரவில்லை. தீராத நோய் என்பதால், வரிசையை முந்தும் வித்தையைக் கற்றுக்கொள்ள அதற்கு அவகாசம் இருந்தது. அவ்வளவுதான். டாக்டரம்மா கையையும் காலையும் ஞாபகம் வைத்துக்கொள்வார். பெயரையும் ஊரையும் ஞாபகம் வைப்பது என் வேலை. நானோ சன்னலுக்குப் பின்னால் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தேன், எழுத்து அழகாக இருக்க வேண்டுமே.

மேல்சித்தாமூர்க்காரர் களிம்போடு போன பிறகு கம்பவுண்டர் குரலைத் தாழ்த்தினார்.

"வுட்டுடு சாரு. மெட்ராசுல உக்காந்துகினு எவன் மலையனூருக்கு வந்து தல எண்ணப்போறான்? பாவம், அந்தம்மா படிச்சிட்டுப் போவட்டும்."

இதைப் பற்றி நான் யோசிக்கவில்லை என்று எழுதினால் பொய். அச்சாகிவிட்டால் அவருக்கு இடம் கிடைக்கும். என் ஏற்பாடும் வெளியே வராது. சணல் கயிற்றோடு கார்டுகளை அடுப்பில் போடுவது ஒரு நிமிஷ வேலை. ஆனால் பெறப்பட்ட தபாலைப் பதியாமல் அழிப்பது என்னால் முடியாத காரியம். நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பழக்கதோஷம் என்பதே சரி. உள்வரும் தபால் ஏட்டில் ஒவ்வொன்றாகப் பதிந்தேன். பதிந்து முடிக்கவும் டாக்டரம்மா வரவும் சரியாக இருந்தது.

"ஒரு சின்ன நடைமுறைக் குறைபாடு" என்று ஆரம்பித்தேன்.

"எவ்வளவு சின்னது?"

"உங்க கட்டுரை அளவுக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கார்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்தக் கடைசி "இல்லை" வரை. கம்பவுண்டர் வாசல் பக்கம் போய் நின்று, தேவைப்பட்டால் சைக்கிளை எடுக்கத் தோதாக இருந்தார். டாக்டரம்மா சுவரிலிருந்த படத்தின் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு இந்தப் படத்தக் காட்டி நான் என்ன சொன்னேன்?"

வாசலிலிருந்து பதில் வந்தது. "வியாதி இருக்கற எடம் இல்ல, எழுதறவங்க இருக்கற எடம்னீங்க."

"அவ்வளவு தெளிவா சொல்லிட்டு, ஒரு வாரத்துல நானே போயி மலையனூர்க் கெணத்துல எட்டிப் பாத்திருக்கேன்."

முதலில் தோள்தான் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து நான் தண்ணீர் எடுத்து நீட்டினேன். அவர் தம்ளரைப் பார்த்து, "எந்த ஊர்த் தண்ணி?" என்று கேட்டுவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். கம்பவுண்டர் சைக்கிளை விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

சிரித்து முடித்ததும் நிலைமை மாறியிருக்கவில்லை. கட்டுரை போய்விட்டது. மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. கோயம்புத்தூர் அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் டோக்கன்களை ஒழித்தோம், முதலாளியின் கையெழுத்து இல்லாமலே. வந்தவர்களிடமெல்லாம், "டோக்கனு கிடையாது, வரிசையும் மாறாது, இப்போ சொல்லுங்க, ராத்திரி படுத்து எழுந்திரிக்கற ஊரு எது?" என்று கம்பவுண்டர் கேட்டார். கேள்வி அவருடையது. நான் தயாரித்த கேள்வி இதைவிட நீளம், யாருக்கும் புரியவில்லை. மேல்மலையனூரில் பெருகியிருந்த படை சில நாட்களில் கலைந்து அவரவர் ஊருக்குத் திரும்பியது. எல்லா ஊரிலும் ஒன்றிரண்டு பேர், எல்லா ஊரிலும் ஒரு வாத்தியார் இருப்பது போல. தொண்டூரில் மட்டும் கொஞ்சம் கூடுதல். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

இதிலிருந்து எழுத என்ன இருக்கிறது என்று நான் நினைத்தேன். டாக்டரம்மா பழைய கட்டுரையின் தாள்களைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். ஒரே பக்கம். பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதமாக. ஒரு டோக்கன் ஒரு நோயை எப்படி ஓர் ஊரில் குடியேற்றியது, தீராத நோய்க்காரர்கள் ஒரு வைத்தியசாலையின் விதிகளை எப்படி டாக்டர்களுக்கு முன்பே கற்றுக்கொள்கிறார்கள், அதனால் புறநோயாளிப் பதிவேட்டில் ஊர் என்ற பத்தியை நம்பி யாரும் கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டாம். டைப் அடிக்கும்போது இரண்டு இடத்தில் என் விரல் தடுமாறியது, சிரிப்பினால்.

"நேரா பத்திரிகைக்கே போட்டுடுங்க" என்றார்.

"போடலாம். ஆனா தக்க வழியா போறதுதான் முறை. உங்க பேராசிரியர் மூலமா, அவரோட முகப்புக் கடிதத்தோட."

"நாள் ஆகும்."

"மதிப்பு இருக்கும்."

ஒரு தடவை என் பேச்சைக் கேட்டுப் பட்டவர் மறுபடியும் கேட்டார். அதை இன்றுவரை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

பேராசிரியருக்குக் கடிதம் பிடித்துப்போனது. கட்டுரையைவிட இது மேல் என்று எழுதியிருந்தார். சில மாதங்களில், விண்ணப்பத் தேதிக்கு ஒரு வாரம் முன்பாகப் பத்திரிகை வந்தது. கடைசிப் பக்கத்தில், ஒரு சோப்பு விளம்பரத்துக்குக் கீழே, பொடி எழுத்தில். ஒரு வார்த்தை விடாமல் போட்டிருந்தார்கள். டாக்டரம்மாவின் பெயர் தடித்த எழுத்தில். பெயருக்குக் கீழே, செஞ்சி என்று இருக்க வேண்டிய இடத்தில், மெட்ராஸ்.

முகப்புக் கடிதத் தாளின் தலைப்பில் அச்சிட்டிருந்த ஊரை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டார்கள். தக்க வழியில் போனதன் பலன்.

நான் அன்றே திருத்தம் கோரி ஒரு கடிதம் தயாரித்தேன். பார்வை ஒன்று, பார்வை இரண்டு என்று போட்டு, இணைப்புகளைக் குறிப்பிட்டு, முறைப்படி. டாக்டரம்மா படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"விடுங்க. ஜூலைல அங்க படிப்பு ஆரம்பிச்சா அது சரியாத்தானே ஆகப்போவுது."

கம்பவுண்டர் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துச் சோப்பு விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல இன்னா தப்பு இருக்குது? எந்த ஊருன்னு கேட்டா நம்ம செதிலு ஆளுங்க மலையனூருன்னாங்க, வேல ஆச்சு. டாக்டரம்மா மெட்ராசுன்னாங்க. வேல ஆயிடும்."

ஆகிவிட்டது. இடம் கிடைத்தது. கோயம்புத்தூர் மாப்பிள்ளைக்கு வேறு நல்ல இடம் அமைந்ததாகச் சொன்னார்கள். டாக்டரம்மா கிளம்பிய அன்று மேல்சித்தாமூர்க்காரர் ஒரு மூட்டை வேர்க்கடலையோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, "என் பேரு அதுல வந்துச்சா?" என்று கேட்டார். பேரை விட்டுவிட்டேன், ஆனால் நீங்கள்தான் அதில் கதாநாயகர் என்றார் டாக்டரம்மா. அவர் முழங்கையைச் சொறிந்துகொண்டே, தெரியும் என்பது போலத் தலையாட்டினார்.

பஸ் போன பிறகு நானும் கம்பவுண்டரும் வைத்தியசாலைக்குத் திரும்பினோம். சுவரில் படம் அப்படியே இருந்தது. புதிய கடிதத்துக்கு ஒரு பொட்டு வைக்க வேண்டும். விதிப்படி, அச்சில் உள்ள ஊருக்குத்தான் வைக்க முடியும் என்றேன். அதாவது மெட்ராஸ். அங்கே ஏற்கெனவே பொட்டு வைக்க இடமில்லை.

"உன் விதிய நீயே வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு, கம்பவுண்டர் புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தில் பஞ்சை முக்கிச் செஞ்சி இருக்க வேண்டிய இடத்தில் ஒரே அழுத்தாக அழுத்தினார். பஞ்சு பெரிது, படம் சின்னது. மருந்து ஊறி நான்கு பக்கமும் பரவியது. திண்டிவனம், திருவண்ணாமலை, கடலூர் எல்லாம் உள்ளே போயின. மெட்ராஸும் போனது.

ஆகவே திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை. என் கடிதத்தைக் கோப்பில் வைத்து மூடினேன்.